பதற்றம் அறையில் இருக்கிறது

1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக உளவியலாளர்கள் மூவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. மன அழுத்தம் உடலில் என்ன செய்கிறது என்று அளக்க வேண்டும். அதற்கு முதலில் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்களுக்கு அழுத்தம் வர வேண்டும். அதுவும் எல்லோருக்கும், ஏறக்குறைய ஒரே அளவில். ஒருவரைப் பயமுறுத்தும் காட்சி இன்னொருவருக்கு வேடிக்கையாக இருந்துவிடுகிறது. ஊசி, சத்தம், பனிநீர் என்று ஆய்வாளர்கள் அதுவரை நம்பியிருந்த எதுவும் ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. கிளெமென்ஸ் கிர்ஷ்பாம், கார்ல்-மார்ட்டின் பிர்க்கே, டிர்க் ஹெல்ஹாமர் ஆகிய அந்த மூவரும் கடைசியில் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? வேலைக்கான நேர்காணலை.

1993இல் அவர்கள் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் 'ட்ரியர் சமூக அழுத்தச் சோதனை' என்ற பெயரில் நடக்கிறது. அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வந்தவரை ஓர் அறைக்கு அழைத்துப் போகிறார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். எதிரே ஒரு மைக். வீடியோ கேமரா ஓடுகிறது. ஒரு வேலைக்கு நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள், அந்த இடத்துக்கு நீங்கள்தான் பொருத்தம் என்று இந்த மூவரையும் ஐந்து நிமிடம் பேசி நம்பவைக்க வேண்டும் என்கிறார்கள். தயாராகப் பத்து நிமிடம். குறிப்பு எழுதக் காகிதமும் தருகிறார்கள். பேசப் போகும்போது அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் சிரிப்பதில்லை, தலையாட்டுவதில்லை. அப்படி இருக்கவே பயிற்சி பெற்றவர்கள். மூன்றாவது நிமிடத்தில் சரக்குத் தீர்ந்து நிறுத்தினால், 'உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தொடருங்கள்' என்ற குரல் மட்டும் வரும். ஒருவழியாகப் பேச்சு முடிந்ததும் அடுத்தது கணக்கு: 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும். 1009, 996, 983... எங்காவது தவறினால் மறுபடி 1022.

எச்சிலில் உள்ள கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இந்தச் சோதனையில் இயல்பு நிலையைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வரை உயர்ந்தது. இதயத் துடிப்பும் ஏறியது. இதற்கு நடுங்குகிற ஆளாகப் பார்த்துப் பிடித்து வர வேண்டியதில்லை. ஆரோக்கியமான, சாதாரணமான, அன்று காலை வரை நிம்மதியாக இருந்த மனிதர்கள் போதும்.

நேர்காணல் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. 'பதற்றப்படாதீர்கள்', 'தன்னம்பிக்கையோடு இருங்கள்' என்று சொல்லும்போது, பதற்றம் விண்ணப்பதாரரின் குணத்தில் உள்ள ஓட்டை என்ற எண்ணம் அடியில் ஓடுகிறது. ட்ரியர் சோதனை சொல்வது வேறு: மேசை, மூன்று முகங்கள், அடுத்து என்ன வரும் என்ற தெரியாமை, இவற்றைச் சேர்த்து வைத்தால் பதற்றம் வந்தே தீரும். அது அறையின் விளைவு.

அறையை மாற்றினால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 2013இல் ஜெர்மனியின் போகும் (Bochum) நகரத்து ஆய்வாளர்களான உட்டா வீமர்ஸ், டானியேலா ஷூஃப்ஸ், ஆலிவர் வொல்ஃப் மூவரும் இதே சோதனைக்கு ஒரு நட்பான வடிவம் செய்தார்கள். அதே போன்ற அறை, எதிரே குழு, பேச்சும் உண்டு. குழுவினர் மட்டும் சிரித்த முகத்தோடு வரவேற்று, தலையாட்டி, இயல்பாகப் பேசினார்கள். கார்ட்டிசால் ஏறவில்லை.

கலிஃபோர்னியாவில் சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனி இருவரும் 2004இல் இத்தகைய 208 ஆய்வுகளைத் திரட்டி, எந்தச் சூழல் கார்ட்டிசாலை அதிகம் ஏற்றுகிறது என்று தொகுத்திருந்தார்கள். வெறுமனே கடினமான வேலை அவ்வளவு ஏற்றுவதில்லை. பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்பதும், நடப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லை என்பதும் ஒன்றாகச் சேரும்போதுதான் உச்சம். வேலை நேர்காணலில் இரண்டும் முழு அளவில் இருக்கின்றன. எடைபோடுவதை நம்மால் தடுக்க முடியாது, அதற்காகத்தானே போகிறோம். இரண்டாவதில் மட்டும் கொஞ்சம் கைவைக்கலாம். தயாரிப்பு என்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கொஞ்சத்தைப் பற்றியது.

அதற்கு முன், தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒருவரின் மூன்று நேர்காணல்கள். மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் படித்து முடித்த அப்துல் கலாம், டேராடூனில் விமானப்படைத் தேர்வு வாரியத்தின் முன் போய் நின்றார். 25 பேரில் எட்டுப் பேரை எடுக்க வேண்டும். இவர் ஒன்பதாவது. அங்கே அறிவைவிட 'ஆளுமை'க்கே அழுத்தம் தந்தார்கள் என்றும், உற்சாகமும் நடுக்கமும் ஒன்றாகவே தனக்கு இருந்தன என்றும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். அதே பயணத்தில் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவு நடத்திய நேர்காணல் வழக்கமான கேள்விகளோடு முடிந்திருந்தது. மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் அந்த வேலைதான் கிடைத்தது. இந்தக் கதையை 'விதி அவரை ராக்கெட்டுக்கு அனுப்பியது' என்று மேடைகளில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். எனக்கு அதற்குப் பின் வந்த நேர்காணல்தான் முக்கியம். 1962ஐ ஒட்டி, பம்பாயில், விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு ராக்கெட் பொறியாளர் பதவிக்கு ஆள் தேடியது. எதிரே விக்ரம் சாராபாய், எம்.ஜி.கே. மேனன், அணுசக்தி ஆணையத்திலிருந்து ஓர் அதிகாரி. கலாமுக்குப் படிக்க நேரமில்லை. அனுபவப்பட்டவர் யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் வாய்ப்பில்லை. ஆனால் உள்ளே நுழைந்ததுமே சாராபாயின் கனிவு தன்னைத் தொட்டது என்கிறார். பேட்டி எடுப்பவர்களிடம் வழக்கமாக இருக்கும் மிடுக்கு அங்கே இல்லை. தனக்கு என்ன தெரியும் என்று துருவாமல், தன்னால் என்னவெல்லாம் ஆக முடியும் என்று தேடுவதுபோல் இருந்தன கேள்விகள். அந்த வேலை அவருக்குக் கிடைத்தது.

ஒருவர் பின்னாளில் நினைவிலிருந்து சொன்னதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடையில் சில ஆண்டு அனுபவமும் கூடியிருந்தது. ஆனாலும் அதே மனிதர், குறைந்த தயாரிப்போடு, நட்பான அறையில் நன்றாகப் பேசினார் என்பது போகும் நகரத்து ஆய்வின் கார்ட்டிசால் அளவுகளோடு பொருந்தத்தான் செய்கிறது.

எல்லா அறையிலும் சாராபாய் உட்கார்ந்திருக்க மாட்டார். அங்கே போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், நேர்காணல் என்பது அவ்வளவு துல்லியமான கருவி இல்லை என்பது. 1979இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி வழக்கம்போல் நேர்காணல் நடத்தி மாணவர்களைச் சேர்த்து முடித்தது. பிறகு இன்னும் 50 பேரைச் சேர்க்க வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் சொல்லிவிட்டது. நல்லவர்கள் எல்லாம் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். நேர்காணலில் அடிமட்டத்தில் வைத்தவர்களையே கூப்பிட்டுச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1987இல் முடிவுகளை ஒப்பிட்டு எழுதினார்கள்: முதலில் எடுத்தவர்களுக்கும் கடைசியில் கூப்பிட்டவர்களுக்கும் படிப்பிலோ மருத்துவமனைப் பயிற்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை.

இதைவிடக் கூச்சம் தரும் ஆய்வு ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியேல் பீட்டர்சன் மூவரும் 2013இல் வெளியிட்டது. மாணவர்களை ஒருவரையொருவர் பேட்டி எடுக்கவைத்து, எதிராளி என்ன மதிப்பெண் வாங்குவார் என்று கணிக்கச் சொன்னார்கள். பேட்டி தந்தவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியக் கட்டளை: ஆம், இல்லை என்ற பதில்களை உண்மைக்குச் சம்பந்தமில்லாமல், தற்செயலான ஒரு விதிப்படி சொல்ல வேண்டும். பேட்டி எடுத்தவர்கள் கண்டுபிடிக்கவில்லை. எதிராளியைப் புரிந்துகொண்டுவிட்டதாகவே நம்பினார்கள். பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் கணிப்பு இன்னும் சரியாக வந்திருக்கும்.

கேள்விகளை முன்கூட்டியே வகுத்து, எல்லோரிடமும் அதையே கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டால் நிலைமை தேறுகிறது. டானியல் கானமன் இருபதுகளின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவத்தில் இருந்தபோது, 1955இல் இதைச் செய்து பார்த்தவர். ஆறு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கேள்விகள், தனி மதிப்பெண். பேட்டி எடுத்த இளைஞர்கள், எங்களை ரோபோ ஆக்குகிறீர்கள் என்று முறுக்கிக்கொண்டார்கள். சரி, எல்லா மதிப்பெண்ணும் போட்டு முடித்த பிறகு கண்ணை மூடி உங்கள் உள்ளுணர்வுப்படியும் ஒரு எண் போடுங்கள் என்றார் கானமன். முந்தைய முறையைவிட இது நன்றாகக் கணித்தது. ஒழுங்காக மதிப்பிட்ட பிறகு வந்த உள்ளுணர்வும் பயன்பட்டது. 2022இல் பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் பல்லாண்டு ஆய்வுகளை மறுகணக்குப் போட்டபோது, பிற்காலப் பணித்திறனோடு உள்ள தொடர்பு, 1 முழுமையான பொருத்தம் என்ற அளவுகோலில், வகுத்தமைத்த நேர்காணலுக்கு 0.42 என்றும் மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு 0.19 என்றும் வந்தது. முதலாவது, ஆள் தேர்வுக்கு நம்மிடம் உள்ள வழிகளிலேயே முன்வரிசையில் நிற்பது. இரண்டாவது, அரட்டைக்குக் கொஞ்சம் மேல்.

இந்திய நீதிமன்றங்கள் இதே சங்கடத்தை வேறு வழியில் எதிர்கொண்டன. 1981இல் அஜய் ஹாசியா வழக்கு. ஸ்ரீநகர் வட்டார பொறியியல் கல்லூரி எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 என்று வைத்திருந்தது. ஒருவருக்குச் சராசரி இரண்டு மூன்று நிமிடம்தான் நேர்காணல். அதிலும் ஊர், பெற்றோர் பற்றியே கேள்விகள். மொத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது உச்ச நீதிமன்றம். பேட்டிகளை டேப்பில் பதிவு செய்தால் நல்லது என்றும் சொன்னது. கல்லூரிச் சேர்க்கைக்குச் சொன்னது அது. 1985இல் ஹரியானா பணித் தேர்வு வழக்கில், மத்தியத் தேர்வாணையம் அப்போது கடைப்பிடித்த 12.2 விழுக்காட்டை மற்ற ஆணையங்களும் பின்பற்றலாம் என்றது. இன்றைய குடிமைப் பணித் தேர்வில் 2025 மதிப்பெண்ணுக்கு 275, அதாவது 13.6 விழுக்காடு. மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் கடைநிலை, இடைநிலைப் பணிகள் பலவற்றுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது.

இதையெல்லாம் விண்ணப்பதாரரிடம் ஏன் சொல்ல வேண்டும்? நேர்காணலில் விழுந்தவர்கள் தங்களைப் பற்றியே ஒரு தீர்ப்பு வந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது அந்தத் தீர்ப்பையும் சுமந்துகொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். 0.19 என்ற எண்ணைத் தெரிந்துவைத்திருப்பது அந்தச் சுமையைக் கொஞ்சமாவது இறக்கிவைக்கும்.

இனி தயாரிப்பு. நிறுவனத்தின் இணையதளத்தைப் படியுங்கள், சான்றிதழ்களை ஃபைலில் அடுக்குங்கள், முதல் நாளே இடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பதெல்லாம் சரிதான், எல்லோருக்கும் தெரியும். அதிகம் கவனிக்காமல் விடுவது பயோடேட்டாவை. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் நாமே எதிராளிக்குக் கொடுத்த வினாத்தாள். பொறியியல் முடித்த ஒருவரின் பயோடேட்டாவில், 'இறுதியாண்டு ப்ராஜெக்ட்: மண்ணின் ஈரத்தை அறிந்து தானே இயங்கும் சொட்டுநீர்ப் பாசனம், நால்வர் குழு' என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேனலில் இருப்பவர் இந்த வரியில் விரல் வைத்தால் என்ன கேட்பார்? என்ன சென்சார், எத்தனை அங்குல ஆழத்தில் புதைத்தீர்கள், களிமண்ணிலும் செம்மண்ணிலும் ஒரே அளவு காட்டியதா. எவ்வளவு செலவு, ஓர் ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அதைத் தாங்குவாரா. நால்வரில் நீங்கள் செய்தது எந்தப் பாகம். மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும். எது சரியாக வரவில்லை. இன்று மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள். இந்தக் கேள்விகள் எதுவும் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் விடை அவரிடமே இருக்கிறது, அந்த ப்ராஜெக்டை உண்மையிலேயே செய்திருந்தால். சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரோ செய்து கொடுத்ததை வாங்கி ஒப்படைத்திருந்தால் அந்த வரியை எடுத்துவிடுவதே நல்லது. மூன்றாவது கேள்வியில் வியர்க்கத் தொடங்கும். அதற்கு எந்த மூச்சுப் பயிற்சியும் மருந்தில்லை.

அடுத்தது சம்பவங்கள். வகுத்தமைத்த நேர்காணல்களில் கேட்பது பெரும்பாலும் இரண்டு வகை. கேரி லேத்தமும் உடன் இருந்தவர்களும் 1980இல் வடிவமைத்தது 'இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்' வகை. டாம் ஜான்ஸ் 1982இல் முன்வைத்தது 'இப்படி ஒரு நிலைமை வந்தபோது என்ன செய்தீர்கள்' வகை. ஐ.டி. நிறுவனம், வங்கி, மருத்துவமனை எங்கே போனாலும் இரண்டாவது வகை வருகிறது: சண்டை வந்தது, கெடு தவறியது, யாரும் சொல்லாமல் பொறுப்பெடுத்தது, தோற்றது. கேள்விகள் நூறு வடிவத்தில் வரலாம். நடந்த சம்பவங்கள் ஆறேழு கையிலிருந்தால் போதும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கேள்விக்கு விடையாகத் திரும்பிக்கொள்ளும். சம்பவம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. கல்லூரி விழாவில் ஜெனரேட்டர் நின்றபோது என்ன செய்தீர்கள் என்பதே போதும். யார் இருந்தார்கள், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், என்ன ஆயிற்று என்பவை துல்லியமாக இருக்க வேண்டும்.

இங்கே மொழியைப் பேசாமல் தாண்ட முடியாது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் நேர்காணல் பயத்தில் பெரும்பகுதி ஆங்கிலப் பயம். அதற்குக் கண்டுபிடித்திருக்கும் மருந்து மனப்பாடம். 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' என்றதும் ஊர், அப்பாவின் தொழில், பலம், பலவீனம் என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பத்தி ஒன்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் உண்டு. நடுவில் யாராவது ஒரு கேள்வி கேட்டால் வண்டி தடம்புரளும். காரணம் எளிது. ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக் கையாளும் நினைவு மிகச் சிறியது. பதற்றம் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. உளவியலாளர் சியன் பைலாக்கின் ஆய்வுகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டின. மிச்சமிருக்கும் இடத்தில் மனப்பாடப் பத்தி எங்கே விட்டது என்று தேடுவது, ஆங்கில வாக்கியம் கட்டுவது, எதிராளியின் முகத்தைப் படிப்பது மூன்றும் நடக்காது. என் கணிப்பு இது: சம்பவங்களை முதலில் தமிழில், வீட்டில் அக்காவிடமோ நண்பரிடமோ சொல்வதுபோல் சொல்லிப் பழக வேண்டும். வரிசை மனத்தில் படிந்த பிறகு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால், தேட வேண்டியது சொற்களை மட்டும்தான். குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் நேர்காணலையும் தமிழிலேயே தரலாம் என்ற ஏற்பாடு உண்டு. தனியார் நிறுவனங்களில் அந்தச் சலுகை இல்லை. ஆனால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் தெளிவாகப் பேசுகிறவரைத் தள்ளிவிட்டு, ஒப்பிக்கிறவரை எடுக்கும் பேனல் குறைவு.

மாதிரி நேர்காணல் வேலை செய்கிறதா? செய்கிறது, பெரும்பாலானவர்களுக்கு. கிர்ஷ்பாமும் உடன் ஆய்வாளர்களும் 1995இல் 20 ஆண்களை ஐந்து நாள், நாளுக்கு ஒரு முறை அதே ட்ரியர் சோதனைக்கு உட்படுத்தினார்கள். 13 பேருக்கு கார்ட்டிசால் ஏற்றம் இரண்டாம் நாளிலிருந்தே சரிந்துவிட்டது. அறையும் முகங்களும் பழகிவிட்டன. மீதி ஏழு பேருக்கு மட்டும் ஐந்தாம் நாளும் ஏறியது. இந்த ஏழு பேரை மறந்துவிடக் கூடாது. பத்து மாக் இன்டர்வியூ போன பிறகும் கை நடுங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அவர் சரியாக முயலவில்லை என்று பொருளில்லை. சில உடல்கள் அப்படி. மற்றவர்களுக்குக் குறைந்தது இரண்டு முறையாவது, அறியாத முகங்களோடு, உண்மையான நேர்காணலின் கெடுபிடியோடு பழகிக்கொள்வது பலன் தரும். சென்னை கிரீன்வேஸ் சாலையில் உள்ள அரசின் குடிமைப் பணிப் பயிற்சி மையம் மாதிரி நேர்காணல் நடத்துவது இதற்காகத்தான். கல்லூரி சீனியர்கள் மூன்று பேரை மேசைக்குப் பின்னால் உட்காரவைத்து, சிரிக்கக் கூடாது என்று சொல்லிவைத்தாலும் வேலை நடக்கும்.

அன்றைய தினத்துக்கான உத்திகளில் போலிச் சரக்கும் கலந்திருக்கிறது. உடலை விரித்து மிடுக்கான தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தால் ஹார்மோன்கள் மாறும் என்று 2010இல் டானா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் மூவரும் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. கடியின் 2012 மேடைப் பேச்சைக் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். 2015இல் இவா ரானெஹில் குழு 200 பேரிடம் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் வரவில்லை. 2016இல் கார்னியே, அந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று எழுதிவிட்டார். கழிப்பறையில் கையை விரித்து நிற்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் சரி. பயிற்சி வகுப்புகளில் வரைந்து காட்டும் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைகோடு, அதாவது அளவான பதற்றம் நல்லது, அதிகமானால் கெட்டது என்பது, 1908இல் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த ஆய்விலிருந்து வந்தது. எலிகள் நேர்காணலுக்குப் போவதில்லை.

தேறுகிற சில உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் அமண்டா ஃபைலர், டெபோரா பவல் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் மாதிரி நேர்காணல்களை வீடியோவில் பார்த்து, பதற்றத்தின் எந்த அடையாளம் மதிப்பெண்ணைக் குறைக்கிறது என்று பிரித்தார்கள். விரலை நெரிப்பது, முகத்தைத் தொடுவது, கால் ஆட்டுவது போன்றவற்றைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மதிப்பெண்ணைக் கெடுத்ததில் அவற்றுக்குப் பெரிய பங்கில்லை. பேச்சு இழுத்து இழுத்து வருவது, முகத்தில் கனிவும் குரலில் உறுதியும் குறைவது இவைதான் அடித்தன. கையை எங்கே வைப்பது என்று கவலைப்படும் நேரத்தில் எதிராளியைப் பார்த்து இயல்பாக ஒரு வணக்கம் சொல்லலாம்.

இன்னொன்று, நம் நடுக்கம் நமக்குத் தெரியும் அளவுக்கு எதிராளிக்குத் தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் இருவரும் 2003இல் இதைப் பேச்சாளர்களிடம் சோதித்தார்கள். 'உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரிவதில்லை' என்ற ஒரே தகவலை முன்கூட்டி அறிந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள்; கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். காசில்லாத உத்தி இது. அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் காட்டியதும் இதே ரகம்: பாட்டு, பேச்சு, கணக்கு மூன்றிலும், 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். படபடக்கும் இதயத்தை அடக்கிவைப்பதைவிட அதற்கு வேறு பெயர் வைப்பது சுலபம் போலும். ஆய்வுக்கூடத்துச் சின்ன விளைவு, மந்திரம் அல்ல.

மூச்சைப் பொறுத்தவரை, வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்று மட்டுப்படும்; உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளிவிட்டால் அந்த மட்டுப்படும் நேரம் கூடும். ஸ்டான்ஃபோர்டில் 2023இல் வெளியான ஆய்வில், தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இரட்டையாக உள்ளிழுத்து நீளமாகப் பெருமூச்சு விட்டவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிட அதிகம் தேறியது. வரவேற்பறை சோஃபாவில் முதன்முதலாகச் செய்து பார்ப்பதைவிட ஒரு மாதம் முன்பே பழகிக்கொள்வது உருப்படியான வழி. மேடைக் கலைஞர்கள் சிலர் போடும் ப்ரோப்ரனலால் மாத்திரை பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

அறையைப் பற்றி ஆரம்பித்துவிட்டு இவ்வளவு நேரம் விண்ணப்பதாரருக்கே வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். நியாயமில்லைதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் சிலர், அழுத்தம் கொடுத்தால்தான் ஆளின் தரம் தெரியும் என்று நம்புகிறார்கள். அழுத்தம் கொடுத்தால் அழுத்தத்துக்கு அந்த உடல் எப்படி எதிர்வினை காட்டும் என்பது தெரியும். கணக்கெழுதும் வேலைக்கு அது எதற்கு? மத்தியத் தேர்வாணையமே தன் அறிவிப்பில், நேர்காணல் குறுக்கு விசாரணையைப்போல் இருக்காது, இயல்பான, நோக்கமுள்ள உரையாடலாக இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறது. 2024இல் பிரிட்டனின் ஜான் லூயிஸ் நிறுவனம் ஒரு படி மேலே போய், தன் நேர்காணல் கேள்விகளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டது. கேள்வி தெரிந்துவிட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்களே என்ற கவலை, சொந்தச் சம்பவத்தைக் கேட்கும் கேள்விகளுக்குப் பொருந்தாது. ஆளுக்கு ஆள் நடந்தது வேறு.

இங்கே எந்த நிறுவனமும் கேள்விகளை முன்கூட்டி அனுப்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் நேர்காணலுக்கு அழைத்து வரும் மின்னஞ்சலில் பெரும்பாலும் தேதியும் நேரமும் இடமும் மட்டும்தான் இருக்கும். பேனலில் எத்தனை பேர், எவ்வளவு நேரம், எழுத்துத் தேர்வும் உண்டா, எந்த மொழியில், லேப்டாப் கொண்டுவர வேண்டுமா என்று நாலு வரியில் மரியாதையாகக் கேட்டு ஒரு பதில் போடலாம். இதைக் கேட்டால் நம்மைத் தவறாக நினைப்பார்களோ என்று பலர் கேட்பதில்லை. எச்.ஆர். பிரிவில் இருப்பவர்களுக்கு ஆள் வந்து சேர வேண்டும், அறை காலியாகக் கிடக்கக் கூடாது. கேட்டால் அநேகமாகச் சொல்லிவிடுவார்கள்.